‘கர்ட்டெய்ல்’ என்ற சொல்லுக்கு நான் எழுதிய உதாரணம்

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, தங்கள் மனைவியின் ஒரே தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி, பூனை ஆகிய மூவரும் நலமாக இருக்கிறோம். தங்கள் நலம் அறிய விரும்புகிறேன். இந்த வரியை இருபது வருடமாக எல்லாக் கடிதங்களிலும் எழுதிவருகிறேன். ஒரு முறைகூடப் பதிலை எதிர்பார்த்து எழுதியதில்லை. இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். நலமாக இருக்கிறீர்களா? மூச்சு எப்படி இருக்கிறது? போன ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசியில், “மாடிப்படி ஏறினா அவருக்கு மூச்சு வாங்குதுடா. நாலாவது படியில நின்னுக்கிட்டு, படியோட உயரத்த அளக்கிற மாதிரி நடிக்கிறாரு” என்றாள். பின்னால் தங்கள் குரல் கேட்டது: “நடிக்கல. படி அரை அங்குலம் அதிகம். கட்டினவன் தப்பு அது. என் நெஞ்சு மேல பழி போடாத.” முப்பத்தைந்து வருடம் நில அளவையாளராக இருந்தவர் சொன்னால் படி அரை அங்குலம் அதிகமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதே படியில் பத்து வருடமாக மூச்சு வாங்காமல் ஏறினீர்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை காலை இங்குள்ள இதய மருத்துவரிடம் காட்டிக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. மருத்துவரிடம் நாள் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். முன்னறையில் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டவனும் நான்தான். அதே நான் இப்போது தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து வராதீர்கள்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியை அக்கா எடுப்பாள். அவளிடம், “அத்தான வர வேண்டாம்னு சொல்லு” என்று நான் சொல்ல ஆரம்பித்தால், “ஏன், உன் பொண்டாட்டி சொல்லச் சொன்னாளா?” என்று அவள் முடித்துவிடுவாள். எனவேதான் கடிதம். எங்கள் அலுவலகத்தில் அச்சுக்குப் பக்கம் கட்டும் பெண்ணின் அண்ணன் உங்கள் ஊர் பஸ்ஸின் ஓட்டுநர். நாளை காலை புறப்படுகிறார். நேரில் தங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். படித்ததும் கிழித்துவிடவும். அக்காவிடம் காட்ட வேண்டாம். காட்டினால் இந்தப் பத்தியை மட்டுமாவது மறைத்துவிடவும்.

நான் அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறேன் என்பது தெரியாது. போன வருடம் தாங்கள் அதைக் கேட்டு, நான் சொல்லத் தொடங்கியதும் தூங்கிவிட்டீர்கள். எங்களுடையது ஆங்கிலத்துக்குத் தமிழில் பொருள் சொல்லும் சுருக்கமான அகராதி. ஒவ்வொரு ஆங்கில வினைச்சொல்லுக்கும் பொருளை முதன்மை ஆசிரியர் எழுதுகிறார். அவரை நாங்கள் மேடம் என்போம். அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டும் உதாரண வாக்கியத்தை நான் எழுதுகிறேன். ஒவ்வொன்றும் ஓர் அட்டையில், மேல் மூலையில் எழுதிய தேதியோடு இருக்கும். உதாரணம் நாளொன்றுக்குப் பதினைந்து வேண்டும். மனிதனுக்குக் கற்பனை நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் ஓடாது. மீதிப் பதின்மூன்றுக்கு நான் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்துப் போட்டுவிடுவேன்: பக்கத்து வீட்டுக்காரர், தபால்காரர், அலுவலகத்து அலமாரி. இதில் தவறு இருப்பதாக ஆறு மாதம் முன்புவரை எனக்குத் தோன்றவில்லை.

ஆறு மாதம் முன்பு முதல் பகுதி அச்சுக்குப் போனது. அதில் ‘அபாண்டன்’ என்ற சொல்லுக்கு, ‘மாடியில் குடியிருந்தவர் தம் பூனையைக் கைவிட்டுச் சென்றார்’ என்று எழுதியிருந்தேன். எங்கள் மாடியில் குடியிருந்தவரிடம் பூனை இருந்தது, அவ்வளவுதான்; போகும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் மேடம் கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிய ஆறாம் நாள் மாடிக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் போனார், பூனை போகவில்லை. அது இப்போது இந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து ‘பாரோ’: ‘பக்கத்து வீட்டுக்காரர் ஏணியை இரவல் வாங்கினார்.’ பக்கம் போன நாலாம் நாள் வாங்கினார். அந்த ஏணி இன்னும் வரவில்லை. ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லுக்கு வர எங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆகும். இதையெல்லாம் நான் தற்செயல் என்றே வைத்திருந்தேன், ‘கொலாப்ஸ்’ வரைக்கும். ‘புத்தகச் சுமை தாங்காமல் அலமாரி சரிந்தது’ என்று அதற்கு எழுதியிருந்தேன். கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, மேடம் கை கழுவ எழுந்து போன ஒன்றரை நிமிடத்துக்குள், அவர் நாற்காலியின் மேல் அலமாரி சரிந்தது. விழுந்தவை எல்லாம் அகராதிகள். நாற்காலிக்குக் கை இரண்டும் போய்விட்டது. மேடம் வந்து பார்த்துவிட்டு, “நல்லவேளை, சுருக்கமான அகராதி எதுவும் விழல. எல்லாம் பெரிசு, தாங்கும்” என்றார். அவர் அப்படிப்பட்டவர். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

மெய்ப்புத் திருத்துபவரிடம் இதைச் சொன்னேன். முப்பது வருடம் குனிந்து குனிந்து அவர் உடம்பே வளைந்துவிட்டதால் அவரைக் காற்புள்ளி என்று கூப்பிடுவோம். அவரும் திரும்பிப் பார்ப்பார். “சார், இதுவரைக்கும் உங்க வாக்கியம் ஆயிரத்து நூறு அச்சுக்குப் போயிருக்கு. மூணு பலிச்சிருக்கு. ராசிபலன் எழுதுறவன்கூட இத வச்சுப் பெருமைப்பட மாட்டான்” என்றார். அவருக்கு எண்ணத் தெரியும், பயப்படத் தெரியாது. ஆயிரத்துத் தொண்ணூற்றேழு பலிக்கவில்லை என்பது உண்மைதான். அவற்றில் முக்கால்வாசி கப்பல், போர், அரசர் என்று இருக்கும்; எங்கள் தெருவில் அவற்றுக்கு வாய்ப்பில்லை. வாய்ப்பு உள்ளவற்றில் எத்தனை பலித்தது என்பதே கேள்வி. அதை எண்ண எனக்குத் தைரியமில்லை.

இப்போது நாங்கள் ‘கர்ட்டெய்ல்’ என்ற சொல்லில் இருக்கிறோம். இந்தச் சொல்லின் குணத்தைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பயம் விளங்காது. ஆங்கிலத்தில் குறைப்பதற்கு நிறையச் சொற்கள் உண்டு. ‘ஷார்ட்டன்’ என்பது தையல்காரர் செய்வது; அளவெடுத்து, நம்மைக் கேட்டு, கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கிறார், நாமும் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். ‘அப்ரிவியேட்’ என்பது நீளப் பெயரை இரண்டு எழுத்தாக ஆக்குவது, யாருக்கும் வலிக்காது. ‘அப்ரிட்ஜ்’ என்றால் பெரிய புத்தகத்தின் சாரத்தை வைத்துக்கொண்டு மீதியை விடுவது. எங்கள் அலுவலகம் அதைத்தான் செய்வதாகச் சொல்லிக்கொள்கிறது. ‘கர்ட்டெய்ல்’ அப்படியல்ல, அத்தான். இன்னும் போயிருக்க வேண்டிய ஒன்று, போக விரும்பிய ஒன்று, வழியிலேயே நின்றுபோவதற்குத்தான் அந்தச் சொல். அதோடு எந்தெந்தச் சொற்கள் சேரும் என்று மேடம் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: உரிமை, பேச்சு, விடுமுறை, பதவிக்காலம், பயணம், வருகை. ஒன்றுகூட நாம் குறைய வேண்டுமென்று கேட்பது இல்லை. பட்டியலின் கடைசியில் பென்சிலால் ‘ஆயுள்?’ என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறார். அடித்த கோடு மெல்லியது. எழுத்து தெரிகிறது.

அதற்கு நான் எழுதிய உதாரணம் இது: ‘அவசர வேலை காரணமாக அக்காள் கணவரின் வருகை மூன்றாம் நாளே துண்டிக்கப்பட்டது.’

சனிக்கிழமை முதல் நாள். ஞாயிறு இரண்டாம் நாள். திங்கட்கிழமை தாங்கள் மருத்துவரின் முன்னால் சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பக்கம் நாளை நண்பகல் கையெழுத்தாகிறது. இதுவரை பலித்தவை எல்லாம் கையெழுத்தான ஏழு நாளுக்குள் பலித்தவை; ஆகவே கெடு அடுத்த வியாழன்வரை.

ஆங்கிலத்தில் அக்காள் கணவர், தங்கை கணவர், மனைவியின் தம்பி எல்லோருக்கும் ஒரே சொல்தான். அதை அப்படியே மொழிபெயர்த்துப் பொதுவாக விட்டிருந்தால் ஆபத்து நாலு பேருக்குப் பங்காகியிருக்கும். நான்தான் தமிழில் துல்லியம் வேண்டுமென்று அக்காள் கணவர் என்று எழுதினேன். எனக்கு ஒரே அக்காள். அவளுக்கு ஒரே கணவர்.

இதுவரை படித்துவிட்டு, “அவசர வேலைதானே, வந்தால் திரும்பிப் போகிறேன், இதில் என்ன?” என்று தாங்கள் கேட்பீர்கள். அங்கேதான் இடி விழுந்தது. எங்கள் அகராதியின் பக்கம் நெடுக்கே மூன்று பத்தியாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு உதாரணத்துக்கும் இரண்டே வரி, முப்பத்தொரு எழுத்து. என் வாக்கியம் நீளம் அதிகம் என்று காற்புள்ளி, என்னைக் கேட்காமல், முதல் மூன்று சொற்களை அடித்துவிட்டார். இப்போது பக்கத்தில் இருப்பது: ‘அக்காள் கணவரின் வருகை மூன்றாம் நாளே துண்டிக்கப்பட்டது.’ எதனால் என்று இல்லை. இருந்த ஒரே நல்ல சொல்லை வெட்டிவிட்டு, காரணத்தைத் திறந்த கதவாக விட்டுவிட்டார். அதன் வழியாக எது வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

“காரணத்தத் திரும்பப் போடுங்க” என்று கெஞ்சினேன். அவர் எண்ணிப் பார்த்தார். “இருபத்தெட்டு எழுத்து இருக்கு. மூணு எழுத்துக்கு இடம் இருக்கு. மூணு எழுத்துல காரணம் சொல்லுங்க, போடுறேன்.” அத்தான், அன்று மத்தியானம் முழுக்க நான் மூன்று எழுத்தில் ஒரு காரணம் தேடினேன். தீயால். நோயால். போரால். பேயால். சாவால். தமிழில் மனிதனை வீட்டுக்கு அனுப்பும் நல்ல காரணங்கள் எல்லாம் நீளமானவை. மோசமானவை எல்லாம் மூன்று எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நான்கு எழுத்து கிடைத்திருந்தால் ‘மழையால்’ என்று போட்டு, தங்களுக்கு ஒரு குடையும் வாங்கி வைத்திருப்பேன். “ஒரே ஒரு எழுத்து விடுங்க” என்றேன். “ஒரு எழுத்து விட்டா அடுத்த சொல்லு கீழ தள்ளும், அது அடுத்த பக்கத்தத் தள்ளும், ஜன்னல் திரையோட பொருள் சைக்கிள்ல போய் நிக்கும்” என்றார் காற்புள்ளி. அவர் கவலை அவருக்கு.

மழையை உள்ளே கொண்டுவர எனக்கு ஒரு வழி தோன்றியது. உறவைச் சின்னதாக்கினால் இடம் கிடைக்கும். ‘மழையால் மாமனாரின் வருகை மூன்றாம் நாளே துண்டிக்கப்பட்டது.’ எழுத்து சரியாக வருகிறது, படிக்கவும் ஓசையாக இருக்கிறது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைத் தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“எங்கப்பாவ எதுக்கு மழையில நிக்க வச்சிருக்கீங்க?”

“நிக்கல. கிளம்புறாரு.”

“மழையிலயா? அவருக்கு நெஞ்சுல சளி கட்டும்னு தெரியாதா? உங்க அத்தானுக்கு ஆயுச நீட்ட எங்கப்பாவோடத வெட்டுறீங்களா?”

“நீயும் இத நம்புறியா?”

“நான் நம்பல. நீங்க நம்புறீங்கல்ல? நம்பிக்கிட்டே எங்கப்பா பேர எழுதினீங்கல்ல? அதத்தான் கேக்குறேன்.”

தாளைக் கிழித்தேன். பூனைகூட என்னை ஒருமாதிரியாகத்தான் பார்த்தது.

அடுத்ததாக, மூன்றாம் என்பதை முப்பதாம் என்று மாற்றிப் பார்த்தேன். ஓர் எழுத்துதான் கூடுகிறது, இடம் இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு இன்று காலை மேடமிடம் போனேன். அவர் கை இல்லாத அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், மாற்றச் சொல்லவில்லை. வாங்கிப் படித்தார். “முப்பது நாள் தங்கினவரோட வருகைய யாரும் துண்டிக்க மாட்டாங்க. அவரே அலுத்துப் போயிருப்பாரு. சொல்லோட குணம் வரல இதுல. பழசுதான் நல்லாருக்கு. படிச்ச உடனே, ஐயோ, ஏன் துண்டிச்சாங்கன்னு கேக்கத் தோணுதே, அதுதான் உதாரணம். ஏன் மாத்தணும்?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூனை, ஏணி, அலமாரி, தங்கள் மூச்சு, திங்கட்கிழமை. மேடம் சிரிக்கவில்லை. “வாக்கியத்துக்குப் பயந்துக்கிட்டு அகராதி எழுத முடியுமா? நாளைக்கு ‘டை’ன்னு ஒரு சொல்லு வரும். அதுக்கு என்ன எழுதுவீங்க?” என்றார். அதற்கு நான் போன மாதமே ‘தண்ணீர் இல்லாமல் செடி இறந்தது’ என்று எழுதி வைத்துவிட்டேன் என்றேன். எங்கள் வீட்டில் செடி கிடையாது. மனைவி சென்ற வாரம் ஒன்று வாங்க வேண்டுமென்றாள்; தடுத்துவிட்டேன்.

மேடம் என் அட்டையை எடுத்து மேல் மூலையைப் பார்த்தார். பிறகு மேசை நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது போன வருஷத் தேதி. அப்பத்தான உங்க அத்தான் வந்து, உங்க அட்டையெல்லாம் கலஞ்சுபோச்சுன்னு நீங்க ஒரு வாரம் லீவு கேட்டீங்க?”

“ஆமா, மேடம்.”

“அன்னைக்கேவா இத எழுதினீங்க?”

“ஆமா, மேடம்.”

“அப்ப உங்க பயம் வாக்கியத்தப் பாத்து இல்ல” என்றார் மேடம். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அதே நீளத்துல, சொல்லோட குணம் தெரியிற மாதிரி நல்ல வாக்கியம் கொண்டாங்க, மாத்துறேன். பயத்துக்காக மோசமான வாக்கியம் போட மாட்டேன்.”

அத்தான், இனி எழுதப்போவதை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு ஒருநாளும் வராது. போன வருடம் தாங்கள் பத்து நாள் என்று வந்தீர்கள். வந்த மூன்றாம் நாள், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று, மேசையில் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருந்த அறுநூறு அட்டைகளையும் எடுத்துத் தமிழ் அகரவரிசைப்படி அடுக்கிவிட்டீர்கள். நான் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்று, “ஒரே குழப்பமா வச்சிருந்தியேடா. இப்பப் பாரு, அ-வுல ஆரம்பிச்சு ஒழுங்கா வருது” என்றீர்கள். தங்கள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஒரு மனிதர் நாலு மணி நேரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எனக்காக, தப்பில்லாமல், முழுத் தவறாக ஒரு வேலையைச் செய்து முடித்திருந்தார். “ரொம்ப நன்றி, அத்தான்” என்று சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுதினேன். பேனா நுனி அட்டையைக் கிழித்திருக்கிறது. இப்போதும் தடவினால் தெரிகிறது. அத்தான், அதை நான் உதாரணமாக எழுதவில்லை. விண்ணப்பமாக எழுதினேன். அது பலிக்கவில்லை, தாங்கள் இருபத்தாறு நாள் இருந்தீர்கள். இந்த வருடம் அது பாக்கியை வசூலிக்க வந்திருக்கிறதோ என்பதுதான் என் பயம்.

அந்த இருபத்தாறு நாளில் தாங்கள் என் மேசையை வெளிச்சம் வரும் பக்கம் நகர்த்தினீர்கள். குளியலறைக் கதவு ஏன் இடிக்கிறது என்று கண்டுபிடித்தீர்கள். நான் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமாகப் படித்து, “இது நல்லாருக்கு”, “இது நல்லால்ல” என்று சொன்னீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது என்பது உண்மை. தாங்கள் போன பிறகு நான் எழுதிய வாக்கியங்களை யாருமே சத்தமாகப் படிக்கவில்லை என்பதும் உண்மை.

ஆகவே அத்தான், வராதீர்கள். மருத்துவரை உங்கள் ஊருக்கு அனுப்ப முடியுமா என்று மருத்துவமனையில் விசாரித்தேன். வரவேற்பில் இருந்த பெண், “உங்களுக்குத்தான் சார் மொதல்ல பாக்கணும் போல” என்றாள். வந்தே தீருவேன் என்றால் ஒரு மாற்று வழி வைத்திருக்கிறேன், கவனமாகப் படிக்கவும். சனிக்கிழமை வாருங்கள். ஞாயிறு மாலை பெட்டியை எடுத்துக்கொண்டு, எங்களிடம் முறையாக விடைபெற்று, தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் போய்விடுங்கள். கடைக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். கால் மணி நேரம் உட்கார நாற்காலி தருவார். பிறகு திரும்பி வாருங்கள். அது புதிய வருகை. அதன்படி திங்கட்கிழமை இரண்டாம் நாள். இதையே ஒன்றுவிட்டு ஒருநாள் செய்துவந்தால் எந்த வருகைக்கும் மூன்றாம் நாள் என்பதே வராது. பெட்டியில் கனம் வைக்க வேண்டாம். மருந்துக்கடைக்கு இரண்டு படி ஏற வேண்டும். உயரத்தை நானே அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் நெஞ்சுக்கு என் வணக்கம். அது தங்களைப் போலவே பிடிவாதமாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். என் மனைவி தங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். பூனை எதுவும் சொல்லவில்லை.

தங்கள் அன்பையும் மன்னிப்பையும் ஒருசேர எதிர்பார்க்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: இது வியாழக்கிழமை மத்தியானம் எழுதுவது. பஸ்ஸில் ஏதோ கோளாறாம், இன்று புறப்படவில்லை. நாளை மாலை கிளம்பி உங்கள் ஊருக்கு வந்து, சனிக்கிழமை காலை திரும்புகிறது. ஓட்டுநர் பயணிகள் பட்டியலைப் பார்த்துவிட்டு, “மூணாம் நம்பர் சீட்டுதான சார், உங்க அத்தான்? ஏறினதும் குடுத்துடுறேன்” என்கிறார். ஆகவே வராதீர்கள் என்ற இந்தக் கடிதத்தைத் தாங்கள் வரும் வழியில் படித்துக்கொண்டிருப்பீர்கள். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். மருந்துக்கடை ஏற்பாட்டையும் ரத்துசெய்துவிட்டேன்.

நடந்தது இதுதான். காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி இந்தக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். படித்துவிட்டு, “ஏழு பக்கமா? இதப் படிக்கிறதுக்கே அவருக்கு மூச்சு வாங்கும்” என்றாள். பிறகு, “மூணாம் நாள் போறவரா அவரு? போன தடவ டிக்கெட்ட நாலு தடவ மாத்தினாரு. நானும் எத்தன விதமா ஜாடையா சொன்னேன். அசையலையே மனுஷன். அவரு வருகைய அவரே நெனச்சாத்தான் குறைக்கணும், வேற எவனாலயும் முடியாது” என்றாள்.

நான் ஒரு கால் செருப்போடு அப்படியே உட்கார்ந்து எழுதினேன்: ‘அக்காள் கணவர் தம் வருகையைக் குறைத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.’ காற்புள்ளி விரல் விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார். “முப்பத்தொண்ணு. மயிரிழை மிச்சமில்ல” என்றார். மேடம் படித்தார். “இதுல சொல்லோட குணம் இருக்கு. யாரோ குறைக்கச் சொல்றாங்க, இவரு முடியாதுங்குறாரு. நல்ல பிடிவாதம்” என்று சொல்லி, பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டார். பக்கம் அச்சகத்துக்குப் போய்விட்டது. இனி யாராலும் மாற்ற முடியாது. திங்கட்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் அந்த மருத்துவரைப் பார்க்கலாம். நானும் கூட வருகிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சந்தோஷமாக வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, “எத்தன நாளைக்கு மறுத்தாருன்னு அதுல இருக்கா?” என்றாள்.

உடனே காற்புள்ளிக்குத் தொலைபேசி செய்து, கடைசியில் ஒரு நாள் கணக்கு மட்டும் சேர்க்க முடியுமா, பத்து நாள், இருபது நாள், தங்கள் பழைய இருபத்தாறு நாளாக இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டேன். வரியில் இனி ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

வரியில்தான் இல்லை, அத்தான். வீட்டில் இருக்கிறது. வாருங்கள். மேசை இழுப்பறையில் எண்ணூறு அட்டைகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் பூட்டி வைத்துவிட்டேன்.